தேதியைப் பார்த்தீர்களா?

அச்சில் வந்த எழுத்துக்கு நம் வீடுகளில் தனி மதிப்பு உண்டு. "நான் சொல்றேன்" என்றால் நம்பாதவர்கள்கூட, "ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கு" என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மார்க் ஷீட், மின்சார பில்... இந்த வரிசையில் கம்ப்யூட்டரும் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், கம்ப்யூட்டர் சொல்லுமா என்று நினைக்கிறோம். அது தன்னைப் பற்றியே தப்பாகச் சொல்லும் என்பதை என் வீட்டில் பார்த்தேன். அதனால் ஒரு ஏழைப் பிள்ளையின் பெயர் கெட இருந்தது. கம்ப்யூட்டர் உள்ள வீட்டுச் சகோதரிகள் எல்லாருக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது நடந்தது 2012-இல். என் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த சாமான்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்லும் பிரிவு. நான் பி.காம். படித்தவள். வீட்டிலிருந்தபடியே நாலு லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வந்தேன். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில்தானே? அதற்கு முன்னால் எங்கள் எல்லையோர ஊரில் கணக்கு எழுதுவது இரட்டை வேலை. ஊருக்குள் விற்றால் வாட் வரி. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் சரக்குப் போனால் அது வேறு மாநிலம், மத்திய விற்பனை வரி, அதற்கு 'சி' ஃபாரம். பட்டறையிலிருந்து பார்த்தால் கர்நாடகா தெரியும், ஆனால் கணக்கில் அது தூர தேசம்!

என் லேப்டாப் பழையது. கணக்கு ஃபைலையும் இன்டர்நெட்டையும் ஒன்றாகத் திறந்தால் நின்றே போய்விடும். "இன்னும் ரெண்டு பட்டறை வேலை தரேன், சீக்கிரம் முடிச்சுத் தர முடியுமாம்மா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். புது லேப்டாப் வாங்கப் பணம் ஏது?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய அப்போதுதான் ஆரம்பித்திருந்தான். அப்பா இல்லை. அம்மா ரோஜாத் தோட்டத்தில் தினக்கூலி. அவன் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, புதுசு வேணாம். இதுல 2 ஜிபி ரேம்தான் இருக்கு. இன்னொரு 2 ஜிபி போட்டா 4 ஆயிடும், நல்லா ஓடும்" என்றான். பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, சாமான் விலையோடு நூறு ரூபாய்தான் கூலி கேட்டான். சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேலை கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து என் கொழுந்தனார் வந்தார். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வருகிற சரக்கை பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தே பழகிய கை. "என்ன போட்டான், எவ்வளவு வாங்கினான், பார்ப்போம்" என்று லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது இருந்தது விண்டோஸ் 7. அதில் கம்ப்யூட்டர் தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. விண்டோஸ் எக்ஸ்பீரியன்ஸ் இண்டெக்ஸ் என்று பெயர். 2007-இல் விஸ்டாவோடு வந்தது. உள்ளே வேலை செய்யும் கருவிக்கு வின்சாட் என்று பெயர். அது ப்ராசஸர், ரேம், சாதாரணப் படம், விளையாட்டுக்கான படம், ஹார்டு டிஸ்க் என்று ஐந்து விஷயங்களைச் சோதித்துத் தனித்தனி மார்க் போடும். பக்கத்திலேயே இன்ன ப்ராசஸர், இவ்வளவு ரேம் என்று விவரமும் எழுதி வைக்கும்.

கொழுந்தனார் அந்தப் பக்கத்தைத் திறந்தார். ரேம் என்ற இடத்தில் 2 ஜிபி!

"பாருங்க அண்ணி! பழைய ரெண்டுதான் இருக்கு. ஒண்ணுமே போடாம காசு வாங்கிட்டுப் போயிருக்கான்."

அத்தைக்கு அந்தப் பையன் மேல் பிரியம். "அய்யோ, அவங்கம்மா முகத்துக்காகவாவது அப்படிச் செய்ய மாட்டானே" என்றார்கள். "அம்மா, கம்ப்யூட்டரே சொல்லுது, நீங்க சும்மா இருங்க" என்று கொழுந்தனார் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நேராக அவன் வீட்டு வாசலில் போய்க் கேட்பதாகக் கிளம்பினார்.

எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள். 'திருடன்' என்ற வார்த்தை மட்டும் எந்த பாஷையில் சொன்னாலும் அடுத்த நிமிஷம் தெரு முழுக்கப் போய்விடும். தொழிலை ஆரம்பித்து மூன்று மாதமான பிள்ளை. ஒரு வீட்டு வாசலில் அந்த வார்த்தை விழுந்தால் அப்புறம் யார் அவனைக் கூப்பிட்டு மெஷினைக் கொடுப்பார்கள்? பிறகு, 'தவறாகச் சொல்லிவிட்டோம்' என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா?

"கொஞ்சம் இருங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று உட்கார வைத்தேன். அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கீழே ஒரு ஓரத்தில், கடைசியாகச் சோதித்த தேதி இருந்தது. அது ரேம் மாட்டுவதற்கு எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி!

என் கணவர் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் அளக்கும் மைக்ரோமீட்டர், வெர்னியர் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்குமாம். இன்ன தேதியில் சரிபார்த்தது, அடுத்து இன்ன தேதியில் சரிபார்க்க வேண்டும் என்று. தேதி கடந்த கருவி பளபள என்று இருந்தாலும் அதால் அளந்து ஒரு சாமானைத் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. கருவிக்கே இந்த விதி என்றால், எட்டு மாதத்துக்கு முன் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து ஒரு மனுஷனைத் தள்ளலாமா?

கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் என்ற பக்கத்தைத் திறந்தேன். அங்கே ரேம் 4 ஜிபி என்று இருந்தது. ஒரே மெஷின், இரண்டு பேச்சு! விஷயம் இதுதான். ப்ராபர்ட்டீஸ் பக்கம் இப்போது உள்ளதைப் பார்த்துச் சொல்கிறது. மார்க் பக்கமோ, கடைசியாகச் சோதித்தபோது எழுதி வைத்த ஃபைலைத்தான் படித்துக் காட்டுகிறது. உள்ளே சாமான் மாறினாலும், மறுபடி சோதிக்கும் வரையில் பழைய பாட்டையே பாடும்.

"சரி, மறுபடி சோதிச்சுப் பார்த்துடலாம்" என்று அதற்கான இடத்தில் அழுத்தினேன். முடியாது என்று வந்தது! காரணம், கரண்டு இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை யார் மறப்பார்கள்? பட்டறைகளில் லேத் நின்றுபோய் ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது இந்தச் சோதனை நடக்காது. பேட்டரியைச் சேமிக்க மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் போடும் மார்க் சரியாக இருக்காது என்பதால் மின் இணைப்பு இருந்தால்தான் சோதிக்கும். ஜுரத்தில் படுத்திருக்கும் பிள்ளையை ஓட்டப் பந்தயத்தில் விட மாட்டோமே, அதுபோல. கரண்டு உள்ள நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறப்பவர்கள் யார்? அதனால்தான் பழைய ரிப்போர்ட் அப்படியே தங்கிவிட்டது.

கொழுந்தனார் அதற்குள் ப்ராபர்ட்டீஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார். "4 ஜிபின்னு போட்டு, பக்கத்துல அடைப்புக்குள்ள 2.92 தான் உபயோகப்படும்னு இருக்கே! அப்ப ஒண்ணு எங்க போச்சு? மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்."

நான் போனை எடுத்தேன். சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தம்பி, 4 போட்டும் 2.92ன்னு காட்டுதே, அது ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன். உங்களோடது 32 பிட் விண்டோஸ். அதுக்கு மொத்தமே 4 ஜிபி அளவுக்குத்தான் விலாசம் போடத் தெரியும். அதுலயும் கொஞ்சம் விலாசத்தைப் படம் காட்டுற சிப்புக்கும் மத்த பாகங்களுக்கும் ஒதுக்கிடும். மீதிதான் நமக்கு. பின்னாடி 64 பிட் விண்டோஸ் போட்டா முக்கால்வாசி திரும்பக் கிடைச்சிடும் அக்கா" என்றான் தயங்காமல்.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒரு நகருக்கு இத்தனை கதவு எண்கள்தான் என்று சர்க்கார் கொடுத்துவிட்டது. 32 பிட் என்றால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள். அதுதான் 4 ஜிபி. அதிலேயே தண்ணீர்த் தொட்டிக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கும், பூங்காவுக்கும் எண் கொடுத்தாக வேண்டும். அந்த எண்கள் போக மீதிதான் வீடுகளுக்கு. மனை இருக்கிறது. ஆனால் எண் இல்லாத மனைக்குத் தபால் வராதே!

ராத்திரி பத்தரைக்குக் கரண்டு வந்தது. லேப்டாப்பை இணைத்து மறுபடி சோதனையை ஓடவிட்டேன். திரை கொஞ்சம் மினுக்கியது. சில நிமிஷத்தில் முடிந்தது. ரேம் என்ற இடத்தில் 4 ஜிபி! ரேமுக்கான மார்க்கும் ஏறியிருந்தது.

ஆனாலும் ஸ்டோர் கீப்பர் விடுவாரா? "மேலே பெரிசா போட்டிருக்கிற மார்க் அப்படியே 3.3 தானே இருக்கு?" என்றார்.

அதற்கும் பதில் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. மேலே பெரிதாகப் போடும் மார்க் சராசரி அல்ல. ஐந்தில் எது குறைவோ அதைத்தான் போடுவார்கள். எங்கள் லேப்டாப்பில் படத்துக்கான மார்க் 3.3. அது மாறாத வரையில் மற்றது எவ்வளவு ஏறினாலும் மேலே 3.3தான். குழம்பில் பருப்பு, காய், நெய் எல்லாம் அமோகமாக இருந்தும் உப்பு இல்லையென்றால் என்ன மார்க் கொடுப்போம்? அப்படித்தான்.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "அண்ணி, எங்க ஸ்டோருக்கு நீங்க வந்திடுங்க" என்றார். ஒரே நாளில் மூன்று சந்தேகம், மூன்றும் கம்ப்யூட்டர் காட்டிய எண்ணிலிருந்து வந்தவை. மூன்றிலும் பையன் மேல் குற்றமில்லை. அவனிடம் இன்றுவரை நாங்கள் இதைச் சொன்னதில்லை. சொல்லி அவன் மனதை நோக வைப்பானேன்?

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படிச் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். அந்த அனுபவத்தில் சில குறிப்புகளைத் தருகிறேன்.

1. ஹார்டு டிஸ்க் 500 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும், விண்டோஸில் 465தான் காட்டும். யாரும் திருடவில்லை. நம் பாட்டி காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறாக இருந்ததல்லவா, அந்தக் கதைதான். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? 320 ஜிபி வாங்கினால் 298 காட்டும்.

2. ரேமின் வேகம் 1333 என்று பில்லில் இருக்கும், சோதிக்கும் சில மென்பொருள்கள் 667 என்று காட்டும். டி.டி.ஆர். வகை ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை வேலை செய்யும். ஒன்று துடிப்பை எண்ணுகிறது, மற்றது வேலையை எண்ணுகிறது. இரண்டும் சரியே.

3. ப்ராசஸர் வேகம் சில சமயம் குறைவாகத் தெரியும். வேலை இல்லாத நேரத்தில் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள், ஏறும்.

4. மறுபடி சோதித்தும் பழைய விவரமே வந்தால், அந்தப் பழைய ஃபைல்களை அப்புறப்படுத்த வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் பர்ஃபார்மன்ஸ், அதற்குள் வின்சாட், அதற்குள் டேட்டா ஸ்டோர். அதில் தேதியைப் பெயராகக் கொண்ட ஃபைல்கள் இருக்கும். அழிக்காமல் வேறு இடத்துக்கு மாற்றி வையுங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, வின்சாட் ஃபார்மல் என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் அடித்தால் புதிதாகச் சோதித்து எழுதும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும்.

5. நிஜமாகவே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ப்ராசஸரின் பெயர் தெரிகிற இடத்தில் வேறு பெயரை எழுதிவைக்க முடியும். குறைந்த கொள்ளளவுள்ள பென் டிரைவை, பெரியது என்று கம்ப்யூட்டரிடமே பொய் சொல்லும்படி செய்து விற்கிறார்கள். நிரப்பிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே பழைய மெஷின் வாங்கும்போது ஒரே ஒரு பக்கத்தை நம்பாதீர்கள். பயாஸில் ஒரு முறை, விண்டோஸில் ஒரு முறை, முடிந்தால் மூடியைத் திறந்து பாகத்தின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு முறை. மூன்றும் ஒத்துப்போனால் பணத்தைக் கொடுங்கள்.

அந்த மார்க் பக்கம் இப்போது இல்லை. விண்டோஸ் 7-இல் அதிகபட்சம் 7.9 வரை மார்க் போட்டது, 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் 9.9 வரை போனது, 2013-இல் 8.1 வந்தபோது அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த வின்சாட் கருவி மட்டும் பின்னால் வந்த விண்டோஸ் 10-லும் தொடர்ந்தது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவியே 2020 ஜனவரியோடு நின்றது. இப்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் மெமரி என்ற இடத்தைப் பார்த்தால் எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை துளைகளில் ரேம் மாட்டியிருக்கிறது என்று அப்போதைய நிலவரம் தெரிந்துவிடும். வேலை சுலபமாகிவிட்டது.

ஆனால் நம் வீடுகளில் ரிப்போர்ட்டுகளுக்கா பஞ்சம்? அத்தைக்குச் சர்க்கரை வியாதி. ஒவ்வொரு முறையும் சீட்டை நீட்டினால் டாக்டர் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது, "எப்ப எடுத்தது? சாப்பிட்டு எடுத்ததா, வெறும் வயிற்றிலா?" என்றுதான். வெறும் வயிற்றில் எடுத்த எண்ணும் சாப்பிட்ட பின் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. போன வருஷத்துச் சீட்டை வைத்து இன்றைக்கு மாத்திரை கூட்டவோ குறைக்கவோ முடியாது. படித்த டாக்டரே தேதியைக் கேட்காமல் எண்ணை நம்புவதில்லை.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி யாரோ பத்து வருஷத்துக்கு முன் சொன்னது, மருமகளைப் பற்றி வந்த புதிதில் போட்ட மார்க், பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவதில் ஃபெயில் ஆனது... எத்தனை பழைய ரிப்போர்ட்டுகளை நாம் புதுப்பிக்காமலே வைத்துக்கொண்டு பேசுகிறோம்! மனிதர்களும் இடையில் மாறியிருப்பார்கள் அல்லவா?

இனி யார் கையில் எந்தச் சீட்டை நீட்டினாலும், அதில் உள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், மூலையில் போட்டிருக்கும் தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒருவரைக் குற்றம் சொல்லக் கிளம்புவதற்கு முன்னால் கரண்டு வரும் வரையிலாவது பொறுங்கள்.